பிப்ரவரியில் போனோம், மே மாதம் போகவில்லை

(ஏப்ரல் 14 அன்று எங்கள் ஊர் இரவுப் பாடசாலையில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பெண் பொறியாளர்களின் சாதனைகள்' என்று தலைப்புக் கொடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். சாதனையைப் பற்றிப் பேச என்னிடம் பெரிசா ஒண்ணுமில்லை. ஒரு தப்பைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். அது நானும் சேர்ந்து செய்த தப்பு.

என்னை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். எங்கம்மா சித்தாள் வேலை பார்த்தவங்க. செங்கல் கட்டுக்கு ஒண்ணுக்கு ஆறு, பூச்சுக்கு ஒண்ணுக்கு நாலு என்கிற சிமெண்டு மணல் கணக்கை நான் புத்தகத்தில் படிக்கிறதுக்கு முன்னாடி அம்மா வாயால் கேட்டிருக்கேன். கலவையைக் கையில் அள்ளிப் பார்த்தே தண்ணி கூடிப்போச்சுன்னு சொல்லிடுவாங்க. அந்தக் கணக்கைத் தலையில் சுமந்தவங்களுக்குப் பேரு சித்தாள். அதையே பரீட்சைப் பேப்பரில் எழுதின எனக்குப் பேரு இஞ்சினியர். இதை மனசில் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

2014இல் சிவில் இஞ்சினியரிங் படிக்கச் சேர்ந்தேன். கல்லூரியின் பேர் இப்போது வேண்டாம். சேர்ந்த முதல் மாசம், வகுப்பு நடக்கும்போதே ஆபீஸில் இருந்து ஒருத்தர் வந்து, "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் ஆளுங்க எல்லாம் எந்திரிங்க" என்றார். எழுந்து நின்ன ஆறு பேரில் நான் மட்டும்தான் பொண்ணு. மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. மறுநாளில் இருந்து மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. யாரும் ஒண்ணும் சொல்லல. சும்மா எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டாங்க, அவ்வளவுதான். படிச்ச இடத்துல சாதி இப்படித்தான் சத்தமில்லாம வேலை செய்யும்.

தமிழ் வழியில் படிச்சவ நான். மினி டிராஃப்டரை அதுக்கு முன்னாடி கண்ணால் பார்த்ததில்லை. முதல் செமஸ்டரில் மூணு அரியர். ஊருக்கே போயிடலாம்னு பெட்டியைக் கட்டினேன்.

அந்த நேரத்தில்தான் கல்லூரியில் இருந்த பெண் பொறியாளர் மன்றம் எனக்குத் தெரிய வந்தது. மூணாம் வருசம் படிக்கிற ஒரு அக்கா, முதல் வருசப் பெண் ஒருத்தியைப் பொறுப்பில் எடுத்துக்கணும் என்பது அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு. எனக்கு வாய்த்த அக்கா வேறு சாதி. நோட்டைப் பாதி திறந்து நிறுத்தி, அந்த மடிப்பில் ஒரு தீப்பெட்டியை வச்சாங்க. "நேரா பாரு, அது முன்தோற்றம். மேலேயிருந்து பாரு, அது மேல்தோற்றம். இப்ப நோட்டை விரி, ரெண்டும் ஒரே தாள்ல வந்துடுச்சா?" என்றாங்க. ஒரு செமஸ்டர் பூரா வாத்தியார் சொல்லிப் புரியாதது அரை மணி நேரத்தில் புரிஞ்சது. மூணு வாரம் ஹாஸ்டல் வராந்தா வெளிச்சத்தில் கூட உட்கார்ந்தாங்க. மூணு அரியரும் போச்சு. நான் இன்னைக்கு இஞ்சினியரா நிற்கிறதில் அவங்க பங்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

அதே அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க: "நீ எஸ்.சி.ன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதம்மா. தெரியாம இருக்கிறவரைக்கும் நல்லது." நல்ல எண்ணத்தில்தான் சொன்னாங்க. ஆனால் யோசிச்சுப் பாருங்க. பாடத்தைச் சொல்லித் தந்த அதே வாய், ஒளிஞ்சுக்கவும் சொல்லித் தந்தது. அந்த மன்றத்தின் வழிகாட்டலுக்கு எல்லைக்கோடு அங்கேதான் இருந்தது.

மன்றத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் படமாக ஏ. லலிதாவைக் காட்டுவார்கள். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். கையில் பச்சைக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் இருட்டு மூலைதான் விதி. அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து மின்பொறியியல் படித்து 1943இல் பட்டம் வாங்கினார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்கிறோம். அவரோடு பி.கே. த்ரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்ற இருவர் சிவில் படித்து முடித்தார்கள். 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தபோது லலிதா அங்கே போனார். ஆணாதிக்கத்தை எதிர்த்து நின்ற அந்த அம்மாவுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

ஆனால் அந்தப் படத்தில் காட்டாத ஒன்று இருக்கிறது. லலிதாவின் அப்பா சுப்பாராவ் அதே கிண்டிக் கல்லூரியில் பேராசிரியர். பெண்களையே சேர்க்காத கல்லூரியில் தன் மகளுக்கு இடம் கேட்டுப் பேச அவரால் முடிந்தது. எந்தக் கதவைத் தட்டணும், யாருக்கு எழுதணும் என்று அவருக்குத் தெரியும். நாம் இன்னைக்கு வழிகாட்டல்னு பேர் வைத்துக் கூப்பிடுகிறோமே, அது அந்த வீட்டின் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே இருந்தது. ஆதிக்க சாதி வீடுகளில் அதற்குத் தனிப்பேர் கிடையாது. மாமா சொல்வார், சித்தப்பா போன் பண்ணுவார், முடிஞ்சது. நம் வீட்டில் அம்மா என்ன சொல்வாங்க? "எனக்கு என்னம்மா தெரியும், வாத்தியாரைக் கேளு." நம்மிடம் இல்லாதது அறிவில்லை தோழர்களே. கல்லூரி வாசலைத் தாண்டின சொந்தக்காரர் இல்லை. அந்தச் சொந்தத்தை நாம் அமைப்பாகத்தான் கட்டணும்.

இப்போது அந்தத் தப்புக்கு வருகிறேன்.

2018 பிப்ரவரி. நான் கடைசி வருசம். பள்ளிகளுக்குப் போய்ப் பெண் பிள்ளைகளைப் பொறியியல் பக்கம் இழுக்கணும் என்று மன்றம் முடிவு செய்தது. நகரத்து மெட்ரிக் பள்ளிக்குப் போகலாம், ஹால் இருக்கு, புரொஜெக்டர் இருக்கு என்றார்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குப் போகலாம் என்று நான் கையைத் தூக்கினேன். "இங்கே சாதி பேசாதீங்க, நாம எல்லாரும் பெண்கள்" என்றார் பொறுப்புப் பேராசிரியை. பெண்கள்தான் மேடம், ஆனால் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுறாங்கன்னு பாருங்க என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

போனோம். ஸ்ட்ராவும் குண்டூசியும் கொடுத்து, ரெண்டு பெஞ்சுக்கு நடுவில் பாலம் கட்டச் சொன்னோம். எல்லாரும் சதுரம் சதுரமாகக் கட்டுவார்கள், பாரம் வைத்ததும் சாய்ந்துவிடும், அப்புறம் முக்கோணத்தின் பலத்தைச் சொல்லிக் கொடுப்போம். அதுதான் எங்கள் திட்டம். பன்னிரண்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தி சதுரத்தைக் கட்டின கையோடு ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே ஒரு ஸ்ட்ராவைப் போட்டுட்டா. கல்லை வச்சோம், நின்னது. எப்படிம்மா தெரியும் என்றால், "எங்கப்பா சாரம் கட்டுறவருக்கா. குறுக்குக் கம்பு இல்லாம சாரம் நிக்காது" என்றாள். சதுரம் நாலு மூலையிலும் மடங்கும், முக்கோணம் மடங்காது என்று நாங்கள் ஒரு பாடமாகப் படித்தது அவளுக்கு வீட்டு விசயம். எங்களோடு வந்தவர்கள் வாயடைச்சுப் போனார்கள்.

கடைசியில் கேள்வி கேட்கச் சொன்னோம். அவள்தான் எழுந்தாள். "அக்கா, கவுன்சிலிங் போற அன்னைக்குக் கையில எவ்வளவு காசு இருக்கணும்?"

எங்களில் ஒருத்தி மைக்கை வாங்கி, "காசைப் பத்தி யோசிக்காதே, பெருசா கனவு காணு" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிள்ளைகளுக்கு மன்றத்தின் பேர் போட்ட தொப்பி கொடுத்தோம். போட்டோ எடுத்தோம். வேனில் ஏறி வந்துவிட்டோம். ஆண்டறிக்கையில் அந்தப் போட்டோ வந்தது.

அடுத்த வருசம் நான் ஒரு கட்டட வேலையில் சைட் இஞ்சினியர். சாரம் கட்ட வந்தவரிடம் பேச்சுவாக்கில் இந்தப் பாலக் கதையைச் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம்னு கேட்டார். சொன்னேன். கையில் இருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "அது எம்பொண்ணுதான் மேடம். உங்க தொப்பியை இன்னும் வச்சிருக்கு."

என்ன படிக்குதுண்ணே என்றேன். "திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். நூற்றுத் தொண்ணூறு, நூற்று எண்பது என்று பேசுகிறார்களே, அந்த 200க்கான கட்-ஆஃபில் அவள் 162. பட்டியல் சாதி இடஒதுக்கீட்டில் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைக்க வாய்ப்புள்ள மார்க்கு. அந்த 2018இல்தான் கவுன்சிலிங் முதன்முதலாக ஆன்லைனுக்கு மாறியது. விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டரிலேயே ஒரு தனியார் கல்லூரியின் ஏஜெண்ட் உட்கார்ந்திருந்தான். "கவுன்சிலிங்லாம் ரிஸ்க்கு, நேரா சேர்ந்துடு, உங்க ஆளுங்களுக்கு ஃபீஸ் கவர்மெண்டே கட்டிடும்" என்று சொல்லி, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, மூலச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார்கள். 2012இல் வந்த அரசாணை 92, கவுன்சிலிங் வழியாக வருகிற நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு ஏற்கச் சொல்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவளுக்கு உதவித்தொகை இல்லை என்று கையை விரித்தார்கள். கந்துக்கு வாங்கி ஒரு செமஸ்டர் கட்டினார் அப்பா. ரெண்டாவது செமஸ்டருக்கு முடியவில்லை. பாக்கியைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றது கல்லூரி. சான்றிதழ் இல்லாத பிள்ளை வேறு எங்கே போகும்?

பிப்ரவரியில் நாங்கள் போனோம். அவளுக்கு நாங்கள் தேவைப்பட்டது மே மாதம். அவள் தேதியோடு கேள்வியே கேட்டிருந்தாள். நாங்கள் பதிலுக்குக் கனவைக் கொடுத்தோம். இதில் பேராசிரியை மேல், சக மாணவிகள் மேல் பழி போட்டு நான் தப்பிக்க முடியாது. அவர்களுக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரியாது. எனக்குத் தெரியும். அதே கேள்வியை நான்கு வருசம் முன்னால் மனசுக்குள் கேட்டவள்தானே நான்? இருந்தும் கை தட்டினேன். ஒளிஞ்சுக்கப் படிச்சவ அப்படித்தான் தட்டுவாள்.

மூலச் சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. கல்லூரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து, மூணு தடவை நடந்து வாங்கினோம். சான்றிதழ் வந்தது. போன வருசம் வரவில்லை. திரும்பப் படிக்கிறியா என்றேன். "வீட்டுக் கடன் இருக்குக்கா, என் தங்கச்சியைப் பாருங்க" என்றாள்.

பார்த்தோம். என்னைப் போலப் படித்து வெளியே வந்த நாலைந்து பெண்கள் சேர்ந்து, மே மாதம் தோறும் மேசை போட்டு உட்கார ஆரம்பித்தோம். பேர் இல்லை, போர்டு இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று சரியா இருக்கான்னு பார்ப்போம். கல்லூரிகளை எந்த வரிசையில் போடணும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்வோம். சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர் ரிசல்ட் வருகிற அன்னைக்குப் போன் பண்ணுவோம், ஏனென்றால் பெட்டி கட்டுகிற நாள் அதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவிகித முன்னுரிமை ஒதுக்கீடு 2021இல் சட்டமானது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் அது உண்டு. அந்தத் தங்கச்சி 2022இல் அதில் சேர்ந்தாள். சட்டம் சென்னையில் எழுதப்படுகிறது. அதைச் சேரித் திண்ணை வரைக்கும் தூக்கிக்கொண்டு வர ஆள் வேணும்.

இன்னைக்குப் பாபாசாகேப் பிறந்த நாள். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, அணை, மின்சாரம் பற்றிய திட்டங்களும் அவர் கையில்தான் இருந்தன. நம் பிள்ளைகளுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே தங்கச்சிகளே, ஆபீஸில் இருந்து ஆள் வந்து எந்திரிக்கச் சொன்னால் தலையைக் குனிஞ்சு எந்திரிக்காதீங்க. அது பிச்சை இல்லை, போராடி வாங்கினது.

கல்லூரி மன்றத்துத் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. வாங்க, வேண்டாம்னு சொல்லல. தீப்பெட்டியும் நோட்டும் கொண்டு வாங்க. ஆனால் மே மாதம் வாங்க, அடுத்த நாலு வருசமும் வாங்க. எங்க பிள்ளையை ஒளிஞ்சுக்கச் சொல்லாதீங்க. அவ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்க.

அம்மாக்களே, எந்த ஏஜெண்ட் வந்தாலும் மூலச் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீங்க. எங்கேயும் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எங்களில் ஒருத்தியைக் கேளுங்க.

மே ஒண்ணாம் தேதியில் இருந்து தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு இதே பாடசாலையில் மேசை போட்டிருப்போம். சாதிச் சான்று இன்னும் வாங்காதவங்க யார் யாருன்னு இப்பவே கை தூக்குங்க. நாளைக்குக் காலையில் இ-சேவை மையத்துக்கு நானே கூட வரேன்.

ஜெய்பீம்.