அறிவுக்கு ஒரே வாயிலா?



2004-ஆம் ஆண்டில் சீன நாட்டு ஆய்வாளர் சிலர், பறவைக் காய்ச்சலின் நச்சுயிரி பன்றிகளையும் பற்றியிருப்பதைக் கண்டறிந்து, தம் நாட்டு ஆய்விதழில் எழுதினர். பறவை நோய் பன்றிக்குத் தாவுமெனின், அது மாந்தர்க்கும் தாவ வழி பிறக்கலாம். எனவே அக்கட்டுரை உலகுக்கே விடுத்த முன்னறிவிப்பு. ஆயின் அது சீன மொழியில் இருந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் கண்ணில் அது தொடக்கத்தில் படவேயில்லை. அறிந்தவன் சொன்னான், கேட்க வேண்டியவன் கேளாதிருந்தான். குற்றம் யாருடையது?

'ஆங்கிலத்தில் எழுதாதது அவர்கள் குற்றம்' என்பார் உளர். அவர்கள் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். ஆய்விதழ் என்பது 1665-இல் பிறந்தபோதே இரு மொழிகளில் பிறந்தது; பாரிசில் ஒன்று பிரெஞ்சில், இலண்டனில் ஒன்று ஆங்கிலத்தில். அக்காலத்து அறிஞர்க்குப் பொதுமொழி இலத்தீன். நியூட்டன் 1687-இல் தம் பெருநூலை இலத்தீனில் வெளியிட்டார். 1704-இல் ஒளியியல் நூலைத் தம் தாய்மொழியாகிய ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். அதனால் அறிவியல் குன்றிவிட்டதா? ஐன்சுடைன் 1905-இல் இயற்பியலைப் புரட்டிய கட்டுரைகளைச் செருமானியத்தில் எழுதினார். ஆங்கிலமே ஒரே வாயில் என்பது இயற்கையன்று. அண்மைக் காலத்து ஏற்பாடு.

அவ்வேற்பாட்டின் சுமை யார் தலையில் விழுகிறது? எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் வினவித் தொகுத்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று விடை கூறுகிறது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதார் கட்டுரைகள் மொழிக்குறை காட்டித் தள்ளப்படுவது ஏறத்தாழ 2.5 மடங்கு மிகுதி. மொழியைத் திருத்துக எனத் திருப்பப்படுவது 12.5 மடங்கு மிகுதி. கருத்தில் பழுதில்லை, சொல்லிய மொழியில்தான் பழுதாம்!

மொழி வாயிலைக் கடந்தால் பண வாயில். 'நேச்சர்' இதழ் 2021-இல், கட்டுரையை அனைவரும் விலையின்றிப் படிக்குமாறு வெளியிட ஆய்வாளரிடம் கேட்ட கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 நூறாயிரம் உரூபாவுக்கும் மேல். மிக வறிய நாட்டினர்க்கு விலக்குண்டு என்பர். இந்தியா, பிரேசில் போன்ற இடைப்பட்ட நாட்டினர்க்கு முழு விலக்குப் பெரும்பாலும் கிட்டுவதில்லை. ஆய்வாளர் எழுதுவதற்கும், பிற அறிஞர் அதனை மதிப்பிடுவதற்கும் பதிப்பகத்தார் பொதுவாகக் கூலி தருவதில்லை. உழைப்பு ஒருவருடையது, விளைச்சல் மற்றொருவருடையது.

மாற்றுவழி இல்லையோ எனின், உண்டு. பிரேசில் நாட்டினர் 1998-இல் 'சியெலோ' என்னும் இணைய இதழ்த் தொகுப்பைப் பொதுப்பணத்தால் நிறுவினர். போர்த்துக்கீசியத்திலும் இசுபானியத்திலும் எழுந்த ஆய்வுகளை எவரும் காசின்றிப் படிக்கலாயிற்று. பிற இலத்தீன் அமெரிக்க நாடுகளும் தென்னாப்பிரிக்காவும் அதில் இணைந்தன. 2003-இல் மெக்சிக்கோவில் 'இரெடாலிக்' என்னும் தொகுப்பும் எழுந்தது. பன்மொழி ஆய்வைக் காக்கும் எல்சிங்கி முன்முயற்சி 2019-இல் வெளிவந்தது. 2021-இல் யுனெசுகோவும் திறந்த அறிவியலுக்கான தன் பரிந்துரையில் பன்மொழியை வலியுறுத்தியது.

பொதுமொழி ஒன்று வேண்டாவெனல் இவ்வுரையின் கருத்தன்று. நாடுகள் தமக்குள் பேசிக்கொள்ளப் பாலம் வேண்டும். ஆயின் பாலத்துக்குச் சுங்கம் கட்ட இயலாதவன் ஆற்றில் மூழ்குக என்பது அறமாகாது.

எனவே வேண்டுவன மூன்று. ஆய்விதழ்கள், ஆய்வு நடந்த மண்ணின் மொழியிலும் கட்டுரைச் சுருக்கத்தை வெளியிடுக. மொழித் திருத்தத்தின் செலவை எழுதுவோர் மேல் சுமத்தாது இதழே ஏற்க. பல்கலைக்கழகங்கள், இதழின் பெயரைக் கொண்டு ஆய்வாளரை அளவாது, ஆய்வின் உண்மையைக் கொண்டு அளக்க.

காவிரிப்படுகையின் மண்ணை ஆய்ந்தவன் முடிவு, அம்மண்ணை உழுபவன் கைக்கு அவன் மொழியில் வந்து சேரட்டும். அதுவரை அறிவுலகின் கதவு முழுமையாகத் திறந்ததாகாது.