புதிய வீடுகளும் நவீன மின் கருவிகளும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ‘ஸ்மார்ட் வீடு’ என்னும் சொல்லைக் கேட்டவுடன், நகரத்துச் செல்வர் மாளிகையில் வாயால் கட்டளையிட்டால் விளக்கு எரிவதும், திரைச்சீலை தானே விலகுவதும் நம் கண்முன் வருகின்றன. அரசாங்க உதவியில் 360 சதுர அடி வீடு கட்டுகிறவர்களுக்கு இவை எதற்கு என்று கேட்டால் அது நியாயமான கேள்வியே. ஆயினும் இவ்வகைக் கருவி ஒன்றை நம்முள் பலர் வெகு நாட்களுக்கு முன்பே வாங்கி உபயோகித்து வருகிறோம் என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். கிணற்று மேட்டிலுள்ள மோட்டாரைக் கைப்பேசியால் ஓட்டவும் நிறுத்தவும் உதவும் பெட்டி அதுதான். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாயிலாக அதற்கு மானியமும் வழங்கப்பட்டிருக்கிறது.

மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் எழுந்து, பாம்பும் தேளும் ஊரும் வரப்பின்மேல் டார்ச் விளக்குடன் நடந்து போய்ப் பொத்தானை அழுத்தி வந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அந்த நடையை இப்பெட்டி மிச்சப்படுத்தியது. அன்றியும், பெட்டியிலுள்ள சிம் அட்டைக்குப் பணம் கட்ட மறந்துவிட்டாலும், பழைய ஸ்டார்ட்டர் அதே இடத்தில் இருக்கிறது. நடந்து போய்க் கையால் அழுத்தலாம். இருக்கும் கஷ்டம் ஒன்றைக் கருவி குறைக்க வேண்டும்; கருவி பழுதானாலும் காரியம் கையால் நடைபெற வேண்டும். வீட்டுக்கு வாங்கும் எந்தக் கருவியையும் இவ்விரண்டு கேள்விகளால் நாம் அளந்து பார்க்கலாம்.

இனி, எங்கள் ஒன்றியத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அதில் எங்கள் பிழையும் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

2025ஆம் ஆண்டில் ஒரு குக்கிராமத்தில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவருக்கு வீடு கட்டி முடிந்தது. 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், ஒரு வீட்டுக்கு 3,50,000 ரூபாய் உதவியுடன் கட்டப்பட்ட வீடு அது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தாய்மீது மிகுந்த பாசம் கொண்டவர். கைப்பேசியால் இயங்கும் பல்புகள் இரண்டும், வாசலில் மாட்டும் கேமரா ஒன்றும் தம் சம்பளத்தில் வாங்கி அனுப்பியிருந்தார். புதுமனை புகுவிழாவுக்கு நாங்களும் சென்றிருந்தோம். அன்று விடுப்புக் கிடைக்காத மகன் திருப்பூரிலிருந்தபடியே கைப்பேசியைத் தொட, இங்கே கூடத்தில் விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நாங்களும் கைதட்டினோம்.

ஒரு மாதம் சென்றது. மாவு அரைக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், ஈரக் கையுடன் கிரைண்டரைத் தொட்டவுடன் தூக்கி எறியப்பட்டார். நல்ல வேளையாக உயிருக்கு ஆபத்து நேரவில்லை. ஆயினும் வலக்கை பல நாட்கள் மரத்தே கிடந்தது. “தொட்டால் சுள்ளென்கும் என்று அன்றே சொன்னேனுங்க, ஈரக்கையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்” என்றார் மூதாட்டி. நாங்கள் சென்று பார்த்தபோது, மூன்று துளைப் பிளக்கில் மேல் துளைக்கு வயரே இல்லை. வீட்டுக்கு எர்த் குழியும் இல்லை. மின்கசிவு தடுப்பானும் இல்லை. பழைய குடிசைக்கு வந்திருந்த இணைப்பை அப்படியே நீட்டி, கையில் மிஞ்சியிருந்த பணத்தில், விழாவுக்கு முந்திய ஒரே நாளில் சான்று பெறாத ஒருவர் வயரிங் செய்து முடித்திருக்கிறார்.

வேலை முடிந்ததென்று கையெழுத்திட்டவர்கள் நாங்கள்தாம். கூரையைப் பார்த்தோம், கதவைப் பார்த்தோம், வர்ணத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்துப் புகைப்படம் எடுத்தோம். பிளக்கின் மேல் துளையை ஒருவரும் பார்க்கவில்லை.

மகன் அனுப்பிய கருவிகள் என்னவாயின என்றும் கேட்பீர்கள். மூதாட்டி பழக்கப்படி படுக்கும்முன் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுவார். சுவிட்ச் அணைந்தால் அந்தப் பல்புக்கு உயிர் இல்லை; மகன் திருப்பூரில் கைப்பேசியைத் தொட்டுத் தொட்டுச் சலித்துப் போனார். கேமராவோ மாதாந்தர இணையக் கட்டணம் கட்டப்படாமல் நின்றுபோயிற்று. அவற்றுக்குச் செலவிட்ட பணம் ஏறத்தாழ ஓர் எர்த் குழிக்கும் மின்கசிவு தடுப்பானுக்கும் போதுமானதாய் இருந்திருக்கும். மகனை நாம் குறை சொல்வதற்கில்லை. எதை முதலில் வாங்க வேண்டுமென்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஆகவே கருவிகளைப் பற்றிப் பேசுமுன் சுவரைப் பற்றிப் பேசுவோம். சுவர் ஒரு முறை கட்டுவது. ஐம்பது ஆண்டுகள் நிற்பது. கருவி சில ஆண்டுகளில் மாறுவது. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வைக்க வேண்டியதை வைத்துவிட்டால், எந்தக் கருவியைப் பின்னால் வாங்கினாலும் வீடு அதை ஏற்றுக்கொள்ளும்.

கூரைக்குக் கம்பி கட்டும் நாள் மிக முக்கியமானது. மின்விசிறிப் பெட்டியும், விளக்குக்குப் போகும் பி.வி.சி. குழாய்களும் கான்கிரீட் கொட்டுமுன் கம்பிகளுக்கிடையே கிடக்க வேண்டும். அத்துடன், மெயின் பெட்டி வரும் இடத்திலிருந்து மாடிக்கு ஒரு காலிக் குழாய் விட்டு, உள்ளே ஒரு கம்பியைச் செருகி இரு முனைகளையும் அடைத்து வையுங்கள். இன்று அதற்கு வேலை இல்லாதிருக்கலாம். நாளை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தாலும், சூரிய மின்தகடு வைத்தாலும், வயர் அவ்வழியே இறங்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் மானியம் அறிவிக்கப்பட்டது. இத்தகைய உதவியைப் பெற விரும்புகிறவர் அப்பொழுது கூரையைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது சுவர். பூச்சு வேலைக்கு முன்பே காடி வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும். பூசிய பின் வெட்டினால் பணமும் விரயம், சுவரும் அழகு கெடும். சுவிட்ச் பெட்டி ஆழமானதாக இருக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் நியூட்ரல் வயர் வந்து சேரட்டும். இதன் காரணத்தைச் சொல்லுகிறோம். சாதாரணச் சுவிட்ச் கதவைப் போன்றது. திறந்து மூடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஆகையால் ஃபேஸ் வயரை மட்டும் அதற்குக் கொண்டுவந்து, அங்கிருந்து விளக்குக்கு அனுப்பிவிடுவது வழக்கம். கைப்பேசிக்குக் கட்டுப்படும் சுவிட்சோ காவல்காரனைப் போன்றது. விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து செய்தியைக் கேட்க வேண்டும். அதற்குச் சிறிதளவு மின்சாரம் எந்நேரமும் வேண்டும். அதைப் பெற அவ்வகைச் சுவிட்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் தேவை. பிளக் உள்ள பெட்டியில் இது தானாகவே வந்திருக்கும். தனிச் சுவிட்ச் பெட்டிகளில்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எர்த் குழிக்குக் கரியும் உப்பும் இட்டுக் குழாய் புதைப்பதை அறிவீர்கள். புதைத்த பின் அதை மறந்துவிடுகிறோம். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அதற்கு ஊற்றுவது நல்லது. காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாக வாங்காது. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் மின்கசிவு தடுப்பானைத் தருவார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் என்று குறிப்பிட்டதாக வாங்க வேண்டும். உள்ளே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று இஃது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒருவர் உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ சிறிது கசிந்தாலும், ஒரு நொடியில் மிகச் சிறு பங்குக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் சரியாக இருந்தால், மனிதர் தொடுமுன்பே துண்டித்துவிடும். ‘ஸ்மார்ட்’ என்னும் பெயருக்கு நம் கருத்தில் முதலில் தகுதியுடையது இந்தச் சிறு பெட்டியே. இணையமும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்த்தால் போதும்.

இவையெல்லாம் அமைந்த பின் என்ன வாங்கலாம்? மின்விசிறியைச் சொல்வோம். சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்று விற்கப்படும் புதுவகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரண்டு விசிறிகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், பழைய வகைக்கு இரு மாதத்தில் 108 யூனிட். புதிய வகைக்கு 43 யூனிட். 2016 முதல் இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது; பழைய விசிறிகள் இரண்டு மட்டுமே அதைத் தாண்டிவிடுகின்றன. புதிய விசிறிக்கு விலை அதிகம். சுவரிலுள்ள பழைய ரெகுலேட்டரோடு இணைக்கலாகாது. இவ்விரண்டையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வயோதிகர் இருக்கும் வீட்டில், கழிப்பறைக்குச் செல்லும் வழியில், ஆள் நடமாட்டத்தை உடற்சூட்டால் உணர்ந்து எரியும் விளக்கு ஒன்று அவசியம் என்று நினைக்கிறோம். இருட்டில் சுவிட்சைத் தடவி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்கள் எந்த ஊரில் இல்லை? நாய் வந்தாலும் அது எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தவுடன் மோட்டாரை நிறுத்தும் மிதவைச் சுவிட்ச் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்கும் இதே முறை பொருந்தும். தொட்டி வழிந்து தெருவில் ஓடும் காட்சியை உறுப்பினர்கள் அறிவீர்கள்.

கைப்பேசியால்தான் விளக்கேற்ற வேண்டுமென்று விரும்புகிறவர்கள், அறிவைப் பல்பில் வைக்காமல் சுவிட்சில் வையுங்கள். பாட்டி கையால் அணைக்கலாம். பேரன் கைப்பேசியால் ஏற்றலாம். கருவியைச் செய்த நிறுவனத்தின் கணினியை நம்பியே அது இயங்குமா என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் என்ற நிறுவனத்தின் கணினிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. கைப்பேசியால் வீட்டை ஆண்டவர்கள் திகைத்துப் போனார்கள். சுவரில் கையால் அழுத்தும் சுவிட்சுகள் மட்டும் அன்றும் வேலை செய்தன. கேமரா வாங்குகிறவர்கள் அதனுடன் வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட வேண்டும். 2016இல் மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் ஏராளமான கேமராக்களைக் கயவர்கள் தம் வசப்படுத்தினார்கள். வாயால் கட்டளையிடும் பெட்டிகளைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை, வசதியுள்ளோர் வாங்கட்டும்.

புதிய வீட்டோடு சாதனத்தையும் சேர்த்தே தருவது நமக்குப் புதிதன்று. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுடன் ஐந்து சூரியசக்தி விளக்குகளும் வழங்கப்பட்டன. மின்தடை மிகுந்த அந்நாட்களில் குழந்தைகள் படிக்க அவை பெரிதும் உதவின. ஆயினும் பாட்டரிக்கு ஆயுள் சில ஆண்டுகளே. அதை முன்னதாகவே சொல்லிப் பராமரிப்புக்கு வழி காட்டியிருந்தால், எங்கள் பகுதியில் இன்னும் பல விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். கருவியைக் கொடுக்கும்போதே அதன் ஆயுளையும், பழுது பார்ப்பவர் யார் என்பதையும் எழுதிக் கொடுப்பது நல்லது.

உறுப்பினர்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. உங்கள் வார்டில் புதிய வீட்டுக்குக் கூரைக் கம்பி கட்டும் நாளில் ஒரு முறை போய்க் குழாய்களைப் பாருங்கள். மின் உரிம வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேன்கள் உங்கள் ஊராட்சியிலும் பக்கத்து ஊராட்சிகளிலும் யார் யார் என்று எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் பொறியாளர்கள் இனி எர்த் குழியையும் மின்கசிவு தடுப்பானையும் பார்க்காமல் முடிவுச் சான்றில் ஒப்பமிட மாட்டார்கள். இதை எழுத்து மூலமாகவே அறிவுறுத்தியிருக்கிறோம்.

அந்த மூதாட்டியின் வீட்டுக்கு எர்த் குழி வெட்டிப் புதிய பெட்டியும் மாட்டியாயிற்று. வரும் திங்கட்கிழமை அதே தெருவில் இன்னொரு வீட்டுக்குச் சென்ட்ரிங் வேலை முடிகிறது. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் அங்கிருப்போம், வயர்மேனும் வருகிறார். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களும், அவர்களுடைய கொத்தனார்களும் வந்து நேரில் பார்க்கலாம்.