கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

(ஏற்காட்டில் கல்லூரி மாணவர்களும் மலைக்கிராம இளைஞர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

'இன்றைய இளைஞர்களும் பேருந்துப் பயணமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று, இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பஸ்ஸில் போகக் கசக்கிறது, பதினெட்டு வயது ஆவதற்குள் பைக் கேட்கிறான் என்கிற பெரியவர்களின் புலம்பல். இன்னொன்று, புவி வெப்பமாதல், காற்று மாசு, பொதுப் போக்குவரத்தே தீர்வு என்று நம் முற்போக்கு நண்பர்கள் பேசுவது. இரண்டாவது பேச்சோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பஸ் யார் வாசலில் நிற்கிறது, யார் வாசலைத் தாண்டிப் போகிறது என்று இரண்டு தரப்பும் கேட்பதில்லை.

நாம் உட்கார்ந்திருக்கும் மலையிலிருந்தே தொடங்குகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள். 'ஏழைகளின் ஊட்டி' என்று பெயர். சுற்றிப் பார்க்க வருகிற ஏழைக்கு இது ஊட்டி, சரி. இங்கேயே பிறந்த ஏழைக்கு இது என்ன? மே மாதம் கோடை விழா என்றால் சேலத்திலிருந்து சிறப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. பூக்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு வண்டி கிடைத்துவிடுகிறது. அந்த வண்டிகளெல்லாம் ஏரிக்கரையோடு நின்றுவிடும். ஏற்காடு ஒன்றியம் அதற்கு அப்பால்தான் இருக்கிறது. நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை, வேலூர், வாழவந்தி, தலைச்சோலை, மஞ்சக்குட்டை என்று விரிகிற ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சிதறிக் கிடக்கிற சிற்றூர்கள். பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்று எல்லாச் சுற்றுலாக் கையேடும் எழுதும். அந்தக் காபியைப் பறித்தவர்கள் யார், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எதில் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்று எந்தக் கையேடும் எழுதாது.

ஆய்வுக்காக இந்த மலையில் நான் பேசிப் பார்த்த பிள்ளைகளில் 'பஸ் பிடிக்காது' என்று சொன்னவர்கள் அரிது. அவர்கள் மணிக்கணக்குதான் சொன்னார்கள். ஊரிலிருந்து தார்ச்சாலை வரை நடை. அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஒரு பஸ். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இன்னொரு பஸ். சேலத்தில் இறங்கிக் கல்லூரிக்கு ஒரு டவுன் பஸ். முதல் பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் இரண்டாவது போய்விடும், முதல் மணி வகுப்பும் போய்விடும். மாலையில் இதே கணக்கு தலைகீழாக. ஊருக்குள் போகிற கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பதால் லேப் முடிவதற்கு முன்பே கிளம்புகிற மாணவனுக்கு வகுப்பில் என்ன பெயர்? 'அக்கறை இல்லாதவன்.' வருகைப் பதிவேட்டில் குறைகிற நாட்கள் அவன் பெயரில்தான் குறையும், போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் குறையாது. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் ஒரு படி மேலே போய், 'இருட்டின பிறகு ரோட்டிலிருந்து எப்படி நடந்து வருவ?' என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்வி இரண்டு பருவத் தேர்வுக்குள் கல்யாணப் பேச்சாக மாறிவிடும்.

இதற்கு நடுவில் 'டிரிப் கட்'. இந்தச் சொல்லை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வண்டி பழுது, ஆள் இல்லை, கூட்டம் இல்லை என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி நடை ரத்து ஆகும். ரத்து என்று யாரும் அறிவிப்பதில்லை. நீங்கள் நின்றுகொண்டிருப்பீர்கள், வண்டி வராது, அவ்வளவுதான்.

அதனால்தான் பைக். அப்பாவும் அம்மாவும் காபிக்கொட்டையும் மிளகும் பறித்த கூலியில் முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் கட்டுகிற பைக். அந்தப் பையனுக்கு அது பந்தா காட்டும் பொருள் இல்லை. அரசு அவனுக்குத் தராத கால அட்டவணையை அவன் சொந்தக் கடனில் வாங்கியிருக்கிறான். பனியில், மழையில், மூன்று பேராக உட்கார்ந்து இந்த வளைவுகளில் இறங்குகிறார்கள். ஆபத்துதான். 'இளைஞர்களின் வேக மோகம்' என்று இதற்குச் செய்தி போடுகிறவர்களை அந்தக் கடைசி பஸ்ஸுக்காக ஒருநாள் காத்திருக்கச் சொல்ல வேண்டும். பஸ் என்றால் பத்திரம் என்றும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியவில்லை. 2024 ஏப்ரல் 30 அன்று இதே மலைப்பாதையில் ஒரு தனியார் பேருந்து கவிழ்ந்து உயிர்கள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இதுவரை சொன்னது நேரக் கணக்கு. இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியது பொறுக்காமல்தான் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அடுத்த மாதமே, மார்ச் 10 அன்று, தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு பதினோராம் வகுப்பு தலித் மாணவரை, வண்டியை மறித்துக் கீழே இழுத்துப் போட்டு விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் ஜெயித்தது குற்றம். பைக்கில் போனால் கை, பஸ்ஸில் போனால் விரல். ஒரு மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, 'இளைஞர்கள் பஸ்ஸை விரும்புகிறார்களா, பைக்கை விரும்புகிறார்களா' என்று கேட்டுப் பாருங்கள். கேள்வியே கூசும். எந்த இளைஞர்கள்?

சட்டத்துக்கு இது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் என்று பெயர் சொல்லி எழுத வேண்டிய நாடு இது. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளோடு, சாதி நிறம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வருவதையும் தடுக்கச் சொன்னது. சைக்கிளுக்கும் சாதி நிறம் பூசுகிற பிள்ளைகள் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் அதை இறக்கி வைத்துவிட்டு ஏறுவார்களா?

கொஞ்சம் பழைய கதைக்குப் போகிறேன். 1929இல் மகாராஷ்டிரத்தின் சாலிஸ்கானில் அம்பேத்கரை அழைத்துப்போக டோங்கா வண்டிக்காரர்கள் யாரும் முன்வரவில்லை. வண்டியைக் கொடுக்கலாம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஓட்டத் தெரியாத ஒரு தோழர் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி அம்பேத்கரின் கால் முறிந்தது. அப்போது அவர் பாரிஸ்டர், பம்பாய் சட்டமன்ற உறுப்பினர். ஏறக்குறைய அதே காலத்தில் நம் ராமநாதபுரத்தில், பஞ்சமர்களை ஏற்ற மாட்டோம் என்று தனியார் பஸ் முதலாளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று உத்தரவு போட்டார். நம் இயக்க வரலாற்றில் கோயில் நுழைவைப் பேசும் அளவுக்கு இந்த உத்தரவை நாம் பேசுவதில்லை. கோயிலுக்குப் போகாமல் வாழ்ந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் போகாமல் வாழ முடியாது.

1955இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் மாதம் இங்கே தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொது வாகனத்தில் ஏறவிடாமல் தடுப்பது அதில் குற்றம். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் கிளாடெட் கோல்வின் என்கிற 15 வயதுக் கறுப்பினப் பள்ளி மாணவி பஸ்ஸில் எழுந்து இடம்விட மறுத்துக் கைதானார். ஒன்பது மாதம் கழித்து ரோசா பார்க்ஸ். பிறகு 381 நாள் பஸ் புறக்கணிப்பு. மழையிலும் வெயிலிலும் நடந்தே வேலைக்குப் போய் ஜெயித்தார்கள்.

நம் ஊரிலும் ஒரு பஸ் புறக்கணிப்பு நடந்தது தெரியுமா? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் படைத் தளபதி, தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கல்லெறிந்தார்கள், கலவரம் ஆனது, உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. சேலத்தில் ஓடிய அண்ணா போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அப்படித்தான் போனது. ஒரு தலித் பெயரை ஏற்க வைப்பதற்குப் பதில் அண்ணா பெயரையே விட்டுக்கொடுத்தார்கள். மான்ட்கோமரியில் சமமாக உட்கார வேண்டும் என்று பஸ்ஸைப் புறக்கணித்தார்கள். இங்கே சமமாக ஒரு பெயர்கூட உட்காரக் கூடாது என்று புறக்கணித்தார்கள். இந்த அறையில் பலர் பிறப்பதற்கு முன்பு நடந்தது இது. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் பஸ்ஸின் பக்கம்தான் பேசுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. காசு கொடுத்தவனுக்கு, இப்போது பெண்களுக்குக் காசும் இல்லாமல், காலியான இருக்கையில் உட்கார உரிமை இருக்கிறது. பக்கத்தில் யார் என்று கேட்டு எழுப்ப முடியாது. டீக்கடையில், சலூனில், சுடுகாட்டில்கூடக் கிடைக்காத உரிமை. ஆனால் சாதி பஸ்ஸில் வேறு வழியாக ஏறும். கண்டக்டர் சாதி கேட்பதில்லை, 'எங்க இறங்கணும்?' என்றுதான் கேட்கிறார். 'காலனி ஸ்டாப்' என்று சொன்னதும் சுற்றியிருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. இந்த மலையில் 'எஸ்டேட் கேட்' என்றால் லைன் வீட்டுப் பிள்ளை. மலையில் சாதி இல்லை என்று எழுதுகிறவர்கள், மலைக்கிராமத்துப் பிள்ளையும் லைன் வீட்டுப் பிள்ளையும் இறங்கும் இடத்தைச் சொல்லும்போது இருவர் குரலையும் கவனித்துப் பார்க்கட்டும். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துபோகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நம் பொறுப்பு அந்தப் பிள்ளையிடமிருந்து தொடங்க வேண்டும்.

ஓர் ஆணும் பெண்ணும் சாதி பார்க்காமல் பேசிப் பழகுகிற இடமாகவும் பஸ் இருக்கிறது. இதே சேலம் மாவட்டத்து ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர், உடன் படித்த வேறு சாதிப் பெண்ணோடு 2015இல் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். பஸ் நிறுத்தத்தில் யார் யாரோடு நிற்கிறார்கள் என்று நோட்டமிடுகிற கண்கள் இன்னும் இருக்கின்றன.

பெண்களின் கட்டணமில்லாப் பயணம் பற்றி ஒரு வார்த்தை. 2021 மே மாதம் தொடங்கியது. மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. அது காசுக் கணக்கு. யாரிடமும் காசு கேட்காமல் வீட்டை விட்டு வெளியே கிளம்ப முடிகிறது என்பது வேறு கணக்கு. இதை 'ஓசி' என்று ஓர் அமைச்சரே மேடையில் சொன்னார். அந்தச் சொல் நம் வாயிலும் வருகிறது, நண்பர்களே. வெள்ளைப் பலகை பஸ்ஸைக் கிண்டல் செய்கிற மீம்களைப் பகிர்கிறவர்களில் நம் ஆட்களும் உண்டு. சாதாரண நகரப் பேருந்துக்கு என்று தொடங்கிய திட்டம் என்பதால் மலைகள் முதலில் விடுபட்டன. மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பே 2024-25 பட்ஜெட்டில்தான் வந்தது. அறிவிப்பில் விரிந்தது நடைமுறையில் எந்த ஊர் வரை போகிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். 2025 ஜூனில் புதிய மினி பஸ் திட்டமும் தொடங்கியிருக்கிறது. பஸ்ஸே போகாத ஊருக்கு நல்லதுதான். ஆனால் அவை தனியார் வண்டிகள். கூட்டம் இல்லாத நடையைத் தனியார் எத்தனை நாள் ஓட்டுவார்? அரசு பஸ்ஸுக்கு மாற்றாக அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இனி என்ன செய்யலாம்? பெரிய திட்டம் என்னிடம் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் ஊருக்கு வர வேண்டிய நடை எத்தனை, வந்தது எத்தனை, எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு மாதம் எழுதுங்கள். பிறகு, அதே மாதத்துக்கு ஓடியதாகக் கிளைப் பணிமனையில் பதிவான நடைகள் எத்தனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனு தானாக எழுதிக்கொள்ளும். கிராம சபை கூடும்போது, அக்டோபர் 2க்கோ நவம்பர் 1க்கோ, ஒன்பது ஊராட்சியிலும் ஒரே தீர்மானம் வையுங்கள். கடைசி வண்டி மாலை லேப் முடிந்து வருகிற பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரும் நேரத்துக்குப் புறப்பட வேண்டும். நைட் ஹால்ட் வண்டி ஒன்று வேண்டும், அப்போதுதான் விடியற்காலை முதல் நடை உறுதி. அந்த வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலிலா, லைன் வீடுகளுக்குப் பக்கத்திலா என்பதில் சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நிறுத்தத்தின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். 'காலனி' என்று டிக்கெட்டிலும் கண்டக்டர் வாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற பெயருக்குப் பதிலாக என்ன பெயர் வேண்டும் என்று அங்கே இருப்பவர்களே சொல்லட்டும். பிப்ரவரி வந்தால் கிளாடெட் கோல்வின் படத்தைப் பகிர்வோம், அது எளிது. நம் ஊர் நிறுத்தத்தில் ஒரு பெயர்ப்பலகை மாற ஒரு வருடம் அலைய வேண்டியிருக்கும்.

கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். செம்மநத்தம், மாரமங்கலம் பக்கம் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள். மற்றவர்கள் காத்திருப்போம், உங்களுக்குத்தான் பஸ்ஸுக்கு நேரமாகிறது.