கண்மாயைக் காப்போம்! அயிரைக்கு வந்த கேடு நமக்கும் வரும்!

(ஓடைப்பட்டி விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



தண்ணி கேட்டும், கரண்டு கேட்டும், விலை கேட்டும் போராடியிருக்கோம். இன்றைக்கு, இருக்கிற தண்ணி கெடாமல் காக்கப் பேச வந்திருக்கேன்.

நம்ம திராட்சைத் தோட்டத்து வரப்பில் என்ன கிடக்கு? வெடிச்ச சொட்டுநீர்க் குழாய், கிழிஞ்ச மல்ச்சிங் ஷீட், உரச் சாக்கு, மருந்துக் கவர். நானும் பழைய குழாயை ஓடைக்கரையில் போட்டவன்தான். மழை பெய்தால் அத்தனையும் கண்மாய்க்குப் போகுது. பிளாஸ்டிக் மக்காது, வெயிலில் நொறுங்கித் தூசியாகும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிசானால் அதற்கு நுண்பிளாஸ்டிக் என்று பெயர்.

அதை முதலில் தின்பது நீர்த்தெள்ளு. கடுகளவுகூட இல்லாத பூச்சி. மீன்குஞ்சுக்கு அதுதான் இரை. தண்ணியை வடிகட்டித் தின்னும்போது தூசியும் உள்ளே போகுது. ஆய்வுக்கூடத்தில் பார்த்ததில், அதன் வளர்ச்சி குன்றியது, குஞ்சு குறைந்தது. மீனுக்குக் குடல், செவுள், ஈரல் வரைக்கும் தூசி ஏறியது. 2018இல் இங்கிலாந்தில் கொசுப்புழுவுக்குக் கொடுத்தார்கள். புழு கொசுவாகிப் பறந்த பிறகும் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. அப்படியானால் சேற்றைத் துழாவித் தின்கிற நம்ம அயிரையை நினைச்சுப் பாருங்க!

"ஆய்வில் கொடுத்த அளவு அதிகம்" என்பார்கள். பல ஆய்வுகளில் உண்மைதான். ஆனால் ஆய்வு சில நாள். கண்மாயில் வருசா வருசம் சேருது. சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற செங்குன்றம் ஏரியிலும் வீராணம் ஏரியிலும் ஆய்வாளர்கள் இந்தத் தூசியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டு விதிப்படி, பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கும் கம்பெனிக்கு அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கேரிப்பைக்குத் தடை. ஏட்டில் இருந்தால் போதுமா?

நமது கோரிக்கைகள்:

1. மருந்து பாட்டில், கவர், உரச் சாக்கைக் கம்பெனிகள் கடை மூலமே திரும்ப வாங்க வேண்டும்.

2. பழைய சொட்டுநீர்க் குழாய், ஷீட் வாங்க ஊருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும்.

3. ஓடை, வாய்க்கால், கண்மாய்க்கரையில் குப்பை கொட்டுவதைத் தடுக்க வேண்டும்.

4. கண்மாய்த் தண்ணியையும் சேற்றையும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊரறிய ஒட்ட வேண்டும்.

கேட்பதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. தோட்டத்துப் பிளாஸ்டிக்கை ஓடையில் போடாதீங்க, எரிக்கவும் செய்யாதீங்க. சாக்கில் கட்டி வையுங்க. மனுக் கொடுக்கப் போகும்போது அந்தச் சாக்குகளையும் தூக்கிக்கொண்டே போவோம். அதிகாரிகள் கண்ணால் பார்க்கட்டும்!

கண்மாய் நம் சொத்து! காப்பது நம் கடமை!