உபாத்தியாயருக்கு ஒரு யந்திரம்
(புளியறையில் பேசியது)



பள்ளிக்கூடத்து விஷயம் பேசப் போகிறோம் என்றதும் பின்னால் இருக்கிற சிலர் துண்டை உதறித் தோளில் போடுகிறீர்கள். கொஞ்சம் உட்காருங்கள். உங்கள் கூலியைப் பற்றியும்தான் பேசப் போகிறோம்.

சாயந்திரம் பிள்ளை வீட்டுக்கு வருகிறது. "நாளைக்கு ப்ராஜெக்ட் கொண்டு போகணும்" என்கிறது. செயல்திட்டம் என்று புத்தகத்தில் பெயர். நமக்கு அது என்ன? சார்ட் பேப்பர், தெர்மாக்கோல், பசை, கலர் பேனா. அப்புறம் செங்கோட்டைக்கு பஸ் ஏறி, கம்ப்யூட்டர் கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துப் படம் எடுத்து வர வேண்டும். நாற்று நட்டு வாங்கிய கூலியில் ஒரு பங்கு தெர்மாக்கோலாகப் போகிறது. பிள்ளை கத்தரித்து ஒட்டுகிறது. 'மழைநீர் சேகரிப்பு' என்று தலைப்பு. ஒட்டிய படமோ ஏதோ வெளிநாட்டு மாடி வீடு! வெளியே ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கிறது. அதை யாரும் அளக்கவில்லை.

செயல்திட்டம் என்ற ஏற்பாட்டையே நாம் குறை சொல்லவில்லை. பிள்ளை தானே பார்த்து, அளந்து, நாலு பேரிடம் கேட்டு, விவாதித்து ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக வந்த முறை அது. நல்ல முறை. ஆனால் அதற்கு உபாத்தியாயர் முதலில் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். எந்தக் கேள்வி, எத்தனை நாள், எந்தப் பிள்ளைக்கு எந்த வேலை, எதை வைத்து மதிப்பெண்? ஒன்றைத் திட்டம் போடவே ஒரு மாலை நேரம் போய்விடும். அவருக்கோ பதிவேடு, கணக்கெடுப்பு, செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள். சலித்துப் போய், "நெட்ல எடுத்து ஒட்டிட்டு வா" என்று சொல்லிவிடுகிறார். அவர் நேரமில்லாத பாரம் உங்கள் மடியில் வந்து விழுகிறது.

இந்த இடத்தில்தான் ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு வந்து நிற்கிறது.

இது ஏதோ அமெரிக்காவில் நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். இதோ, கோட்டைவாசல் தாண்டினால் ஆரியங்காவு, அங்கே கேரளம். 2024 மே 2 முதல் அங்கே கைட் என்ற அரசு நிறுவனம் உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்கள் 80,000 பேருக்கு மூன்று நாள் ஏ.ஐ. பயிற்சி தரத் திட்டமிட்டு வேலையைத் தொடங்கியது. பாடம் சுருக்குவது, படம் உண்டாக்குவது, வினாத்தாள் அமைப்பது, பொய்ப் படத்தை அடையாளம் காண்பது எல்லாம் அதில் இருந்தன. கர்நாடகத்தில் மைக்ரோசாஃப்ட் கம்பெனியும் சிக்‌ஷணா என்ற அறக்கட்டளையும் சேர்ந்து 'சிக்‌ஷா கோபைலட்' என்ற கருவியை 2023ல் அரசுப் பள்ளிகளில் சோதித்தன. ஒன்று ஒன்றரை மணி நேரம் பிடித்த பாடத் திட்டம், ஒன்று ஒன்றரை நிமிஷத்தில் முடிகிறது என்று கம்பெனி சொன்னது.

கம்பெனி சொன்னதை அப்படியே வாங்கிக்கொள்ளுகிறவர்கள் இல்லை நாம். ஆனால் பாதி உண்மை என்றாலும் லாபம் பெரிதுதான். கேள்வி என்ன? மிச்சமான அந்த ஒரு மணி நேரம் யாருக்குப் போகிறது?

ஆலைத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதுத் தறி வந்தபோது, "உனக்கு வேலை சுலபம்" என்றார்கள். இரண்டு தறி பார்த்தவன் நாலு தறி பார்த்தான். பக்கத்தில் நின்றவன் வீட்டுக்குப் போனான். அறுப்பு யந்திரம் வயலில் இறங்கியபோது அரிவாள் என்ன ஆயிற்று என்று இங்கே இருக்கிற தாய்மார்கள் சொல்வார்கள். அதற்காக யந்திரத்தை உடைக்க வேண்டும் என்று நாம் சொன்னோமா? இல்லை. மிச்சமான நேரம் உழைக்கிறவனுக்கு வேண்டும் என்றோம். உபாத்தியாயர் விஷயத்திலும் அதேதான். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு குளத்தங்கரைக்குப் போகிற நேரமாக வேண்டும். இன்னொரு பதிவேடு நிரப்புகிற நேரமாகவோ, "யந்திரம் இருக்கிறதே, இரண்டு வகுப்புக்கு ஒருவர் போதுமே" என்று காலியிடத்தை நிரப்பாமல் விடுகிற சாக்காகவோ ஆகக்கூடாது.

சரி, புளியறையிலேயே வைத்துப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை ஒருவர் இரவு செல்போனை எடுத்து, "தண்ணீர் பற்றி ஒரு செயல்திட்டம் கொடு" என்று கேட்கிறார் என்று வையுங்கள். யந்திரம் உடனே அழகாக எழுதிக் கொடுக்கும். அருங்காட்சியகத்துக்குப் போங்கள், மடிக்கணினியில் வரைபடம் போடுங்கள், வண்ண அச்சு எடுங்கள் என்று வரும். அது எந்த ஊருக்கும் பொருந்தும். ஆகையால் இந்த ஊருக்குப் பொருந்தாது.

ஆசிரியை விடாமல் மறுபடி கேட்க வேண்டும். "மலையடிவாரக் கிராமம். நெல் வயல். கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூனில் கணவாய் வழியாகச் சாரல் வரும். பெற்றோர் கூலிக்குப் போகிறவர்கள். காசு செலவே கூடாது. பத்து நாள்" என்று சொல்ல வேண்டும். அப்போது யந்திரம் வழிக்கு வரும். பழைய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, பக்கத்தில் அளவுகோல் ஒட்டி மழைமானி செய்யலாம் என்று சொல்லும். தினமும் காலை எட்டரைக்கு, வானிலைத் துறை அளக்கிற அதே நேரத்தில், பிள்ளைகள் அளந்து எழுதலாம். ஒரு குழு குளத்து மட்டத்தைக் குச்சி நட்டுப் பார்க்கட்டும். இன்னொரு குழு, நடவுக்கு முன்பு எத்தனை பேர் இறங்கினார்கள், இப்போது எத்தனை பேர், எந்த மாதம் வேலை இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதட்டும். மழையின் கணக்கும் வேலையின் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்! அந்தக் கடைசிக் கேள்வியை யந்திரம் தானாகக் கேட்காது. கேட்கத் தெரிந்த ஆசிரியை வேண்டும். நாற்று நடுகிற அம்மாள் ஒருவரை வகுப்புக்கு அழைத்து உட்கார வைத்துக் கேட்பதும் அவர் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு சங்கதி. இந்த யந்திரம் பொய்யும் சொல்லும். வேண்டுமென்று அல்ல. அது கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. தெரியாத இடத்திலும் தயங்காது. அது படித்ததில் பெரும்பகுதி ஆங்கிலம், தமிழ் சொற்பம், அதில் புளியறை எத்தனை வரி இருக்கும்? இந்தச் செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. இங்கே உள்ள பெரியவர்களுக்குத் தெரியும். யந்திரமோ, என்றைக்கும் சென்னை ராஜ்யம்தான் என்று கூசாமல் எழுதினாலும் எழுதும். ஆகவே அது தருகிற ஊர்ப் பெயர், ஆண்டு, கணக்கு ஒவ்வொன்றையும் சரிபார்த்த பிறகே வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். "யந்திரம் சொன்னதைத் தாத்தாவிடம் கேட்டுச் சரி பார்த்து வா" என்பதே ஒரு நல்ல செயல்திட்டம்.

யந்திரம் தானாக அறிவு பெற்றது என்றும் நம்ப வேண்டாம். சாட்ஜிபிடியைப் பழக்குவதற்காக, அசிங்கமும் கொடுமையுமான எழுத்துகளை நாள் முழுவதும் படித்துத் தரம் பிரித்தவர்கள் கென்யா நாட்டுத் தொழிலாளர்கள். மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலி என்று 2023 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை வெளியிட்டது. அதுவும் ஒரு ஆலைதான். புகை மட்டும் தெரியவில்லை.

இப்போது நாம் செய்ய வேண்டிய காரியம். கல்வி உரிமைச் சட்டம் 2009ன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே போய்க் கேளுங்கள். செயல்திட்டத்துக்குக் கடையில் ஒரு பைசா செலவு வரலாமா? கருவிக்கும் இணையத்துக்கும் ஆசிரியர் தன் சம்பளத்திலிருந்து பணம் கட்டுகிறாரா, சர்க்கார் கட்டுகிறதா? பயிற்சி எப்போது? நம் பிள்ளையின் பெயர், படம், மதிப்பெண் கம்பெனி யந்திரத்துக்குள் போகிறதா? 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023ல் பார்லிமெண்ட் சட்டம் செய்திருக்கிறது, அதையும் கேளுங்கள். ஆசிரியரை எதிரியாக்கிக் கேட்க வேண்டாம். இந்தக் கேள்விகளில் பாதி அவருடைய கோரிக்கைகளும்தான்.

கூட்டம் பகல் வேளையில் என்றால் அரை நாள் கூலி போகும். முதலில் அதை மாலை ஆறு மணிக்கு மாற்றச் சொல்லுங்கள்.