ஒன்றைக் கழித்துப் பார்

(பொன்னேரியில் ஐடிஐ, பாலிடெக்னிக் மாணவர்களும் சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிரல் எழுதுபவர்கள் தங்களுக்குள் நாலு வரி கோடையும் செய்முறைக் குறிப்பையும் பகிர்ந்துகொள்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாதி ஒழிப்பு பேசும் மேடையில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் தோன்றியது. அதனால் எனக்கு நடந்த ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

டிப்ளமோ முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஆலையில் கான்ட்ராக்ட் மூலமாகப் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். உலைப் பகுதியில் மின்சார மீட்டரை மணிக்கு ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதுவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் தானாக ஏற வைக்க வேண்டும் என்பது எனக்குக் கொடுத்த வேலை. மீட்டரிலிருந்து ஆர்எஸ்-485 என்று இரண்டு ஒயர் வரும். அதில் ஓடுகிற மொழி மோட்பஸ். 1979இல் மோடிகான் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. விதிகளை வெளிப்படையாக வைத்ததால் இன்று உலகத்தில் ஏராளமான தொழிற்சாலைகள் அதில்தான் பேசுகின்றன.

பைத்தானில் பத்து வரி எழுதினேன். மின்னழுத்தம் 230 வர வேண்டிய இடத்தில் கோடியில் ஒரு எண் வந்தது, அடுத்த முறை பூஜ்ஜியம் வந்தது. மூன்று நாள். ஒயரை மாற்றிப் போட்டேன், வேகத்தை 9600க்கு மாற்றினேன், பாரிட்டியை மாற்றினேன். எங்கள் இன்ஜினியரிடம் போனேன். சேர்ந்த முதல் வாரமே அவர் என்னிடம் எந்த ஊர் என்று கேட்டிருந்தார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். அந்தக் கேள்வியின் அர்த்தம் இந்த அறையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மீட்டர் விஷயமாகப் போனபோது லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, "மானுவலைப் படிப்பா" என்றார். மானுவலை நான் நாலு முறை படித்திருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"நம்பர் என்னா குடுத்துகிற தம்பி?"

"ஒண்ணு அண்ணா. மானுவல்ல 40001னு போட்டிருக்கு."

"ஒண்ணு கம்மி பண்ணிப் பாரு."

பூஜ்ஜியம் கொடுத்தேன். 231.4 வந்தது.

விஷயம் இதுதான். 40001இல் முன்னால் இருக்கும் 4 வெறும் வகைக் குறி. மானுவல் ஒன்றிலிருந்து எண்ணுகிறது, ஒயரில் போகிற முகவரி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. ஒன்று கொடுத்தால் ஒரு எண்ணின் பின்பாதியும் அடுத்த எண்ணின் முன்பாதியும் ஒட்டிக்கொண்டு வரும். அண்ணனுக்கு இது எப்படித் தெரியும்? பழைய கம்பெனியில் டிஸ்ப்ளே போர்டு மாட்ட வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். இவர் பாக்கெட் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டை அன்றைக்கு முழுதாகப் பார்த்தேன். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் விழாமல் இருக்க இன்டர்லாக் எப்படிப் போடுவது, எந்த டிரைவில் எந்த ஃபால்ட் நம்பருக்கு என்ன செய்வது, எல்லாம் அதில் இருந்தது. போனில் படம் எடுத்துக்கொள் என்றார், யாரிடமும் காட்டாதே என்று சொல்லவில்லை.

மாத இறுதியில் வேலை முடிந்து ரிப்போர்ட் போனது. அதில் இன்ஜினியர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை, அது போகட்டும். அண்ணனின் பெயர் இருக்க வாய்ப்பே இல்லை. அவர் அந்த ஆலையின் வருகைப் பதிவேட்டிலேயே இல்லாதவர், கான்ட்ராக்டரின் நோட்டில் இருப்பவர்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2008இல் தொடங்கியது. அதில் யாரோ எழுதிய நாலு வரிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உண்டு. எடுத்துக்கொள், மாற்று, ஆனால் எழுதியவர் பெயரைச் சொல், நீயும் அதே நிபந்தனையில் பகிர். முகம் தெரியாத ஒரு ஆளின் நாலு வரிக்கு இருக்கிற இந்த மரியாதை அண்ணனின் நோட்டுக்கு இல்லை. இப்போது ஏஐயிடம் கேட்டால் இந்தப் பூஜ்ஜியக் கணக்கை அரை நொடியில் சொல்லிவிடும் என்பீர்கள். சொல்லும்தான். ஆயிரக்கணக்கானவர்கள் சும்மா எழுதி வைத்ததைப் படித்துத்தான் அதுவும் சொல்கிறது. பெயர்தான் யாருடையதும் இல்லை.

நிரல் எழுதுபவர்களுக்கு 'காமன்ஸ்' என்ற சொல் மேல் தனிப் பிரியம். பொதுச்சொத்து என்று அர்த்தம். இந்த மாவட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு கதை உண்டு. தேர்வாய் கண்டிகையில் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்கள் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய ஆயிரம் ஏக்கருக்கும் மேலான பொதுநிலம் சிப்காட்டுக்குப் போனது. எதிர்த்துப் போராடினார்கள், 2012இல் அவர்கள் புகார் பிரான்ஸ் வரைக்கும் போனது. நிலம் திரும்பவில்லை. பொதுச்சொத்து பறிபோவது எப்படி என்று அமெரிக்கப் பேராசிரியர்களிடம்தான் படிக்க வேண்டும் என்பதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். கட்டற்ற மென்பொருள் தோழர்கள் பலர், கோட் திறந்திருந்தால் போதும், கற்க விரும்புகிறவன் கற்றுக்கொள்வான் என்று நம்புகிறார்கள். நல்ல மனிதர்கள், எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர்கள். ஆனால் கோட் திறந்திருக்கிறது, அறை திறந்திருக்கிறதா? 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மேல் சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. அதில் ஒரு குற்றச்சாட்டை மட்டும் பாருங்கள்: தலித் பொறியாளர் ஐஐடிக்கு இடஒதுக்கீட்டில் வந்தவர் என்ற தகவலை, அவரோடு அதே ஐஐடியில் படித்த மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார் என்பது. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசே திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பு எப்படிப் போனாலும் அந்தக் குற்றச்சாட்டு எனக்கு மறப்பதில்லை. எல்லாவற்றையும் பகிர்கிற தொழில் அது. அங்கேயும் சாதி ஒரு தகவலாகப் பகிரப்படுகிறது.

நம் பக்கத்தில் வேலை நடக்காமலும் இல்லை. கணியம் அறக்கட்டளை தமிழில் தொழில்நுட்ப நூல்களை யாரும் பகிரும்படி வெளியிடுகிறது, து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசையில்தான் நான் மைசீக்குவலைப் புரிந்துகொண்டேன். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறது. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரிலேயே சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். 1907இல் அயோத்திதாசர் ராயப்பேட்டையிலிருந்து இதழ் தொடங்கியபோது விலையையே பெயராக்கி 'ஒரு பைசாத் தமிழன்' என்று வைத்தார். அதையும் ஒரு உரிமம் என்றுதான் நான் படிக்கிறேன்.

ஆனால் இவற்றில் ஆலைக்குள் இருக்கிற அறிவு குறைவு. பிஎல்சி நிரலை இயந்திரம் விற்ற கம்பெனி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிடும். ராத்திரி ஷிப்டில் நின்றுபோனால் அதைச் சமாளிப்பது ஒப்பந்தத் தொழிலாளிதான். அவர் கண்டுபிடித்த வழி அவர் வேலையோடு சேர்ந்து போய்விடுகிறது. அதனால் நாங்கள் சிலர் ஆறு மாதமாக இந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதிச் சேர்க்கிறோம். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும், இதை யார் சொன்னது என்று எழுதுகிறோம். இன்டர்லாக்கைத் தாண்டிப் போகிற குறுக்குவழிகளை மட்டும் சேர்ப்பதில்லை. அதில் கை போகும், உயிரும் போகும்.

முதல் கோப்பு மோட்பஸ். அண்ணனைத் தேடிப் போய், பெயர் போடட்டுமா என்று கேட்டேன். "போடு தம்பி" என்றார். மறுநாள் போன் செய்தார். "வோணாம்பா. கான்ட்ராக்டர் பார்த்தான்னா வம்பு. ரிடையர் ஆனப்புறம் போட்டுக்கோ." அவர் மாதிரி ஆளுக்கு ரிடையர்மென்ட் ஏது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறோம்.

பழைய மீட்டர் ஒன்று மேசை மேல் இருக்கிறது, கன்வெர்ட்டரும் கொண்டு வந்திருக்கிறேன். லேப்டாப் உள்ளவர்கள் இல்லாதவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். ஏ ஒயர் ஏயில், பி ஒயர் பியில். வேகம் 9600. முகவரி எதிலிருந்து எண்ண வேண்டும் என்று தெரியும்.