இடுப்பளவும் இரவு விழிப்பும்



சிறுநீரைப் பற்றி அவையில் பேசுவது நாகரிகம் அன்று என்று எண்ணி வளர்ந்தவன் நான். அந்தக் கூச்சமே என்னை மூன்று ஆண்டுகள் துன்புறுத்தியது. இரவில் நான்கு முறை எழுந்தேன். வெளியூர்ப் பயணங்களைத் தவிர்த்தேன். பேருந்தில் ஏறும் நாளில் நீர் பருகுவதையே நிறுத்தினேன். முதுமையின் இயல்பு இது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இறுதியில் மகன் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். அவர் அளவுநாடாவை எடுத்து என் இடுப்பை அளந்தார். நான் வியந்தேன். காரணம் பின்னரே விளங்கியது.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். அறுபது வயதை எட்டும் ஆடவருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது பருக்கத் தொடங்கியிருக்கும். பருத்த சுரப்பி குழாயை நெருக்குவதால் நீர்த்தாரை மெலிகிறது. பை முழுதும் காலியாவதில்லை. இது புற்றுநோய் அன்று.

இதற்கு முதுமையே முதற்காரணம்; ஆயினும் அது மட்டுமே காரணம் அன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, உடற்பருமன் ஆகியவற்றோடு இச்சுரப்பியின் விரைந்த வளர்ச்சிக்குத் தொடர்புண்டு என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஹம்மார்ஸ்டனும் ஹோக்ஸ்டெட்டும் 1998இல் எடுத்துக்காட்டினர். வயிற்றில் கொழுப்பு மிகும்போது இன்சுலினின் ஆற்றல் குன்றுகிறது. அதனை ஈடுசெய்ய உடல் மேலும் மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. அம்மிகுதி உயிரணுக்களின் பெருக்கத்தைத் தூண்டுவதாகக் கருதப்படுகிறது. கட்டுப்படாத சர்க்கரையோ சிறுநீரைப் பெருக்கித் தானும் உறக்கத்தைக் கெடுக்கும்.

எனவே சில எண்களை நினைவில் கொள்ளுங்கள். நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நன்று. வெறும் வயிற்றில் சர்க்கரை 100க்கும், இரத்த அழுத்தம் 130/85க்கும் கீழ் இருத்தல் வேண்டும். எடை குறைந்தால் பருத்த சுரப்பி சுருங்கிவிடும் என்று நான் கூறவில்லை. ஆயினும் நாள்தோறும் நடப்பதும் இனிப்பைக் குறைப்பதும் சுரப்பிக்கும் இதயத்துக்கும் ஒருசேர நலம் பயக்கும். பகலில் நீரை வேண்டிய அளவு பருகுங்கள். உறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். இஃது அரிதன்று. சிறுநீரில் குருதி கண்டாலோ, நீர் அறவே அடைபட்டாலோ ஒரு பொழுதும் தாழ்த்தாது மருத்துவரை நாடுங்கள்.

தாய்மார்களே, இளைஞர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர் இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று இன்றே அன்போடு கேளுங்கள். அவராகச் சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை.